கலந்தர் மச்சான் மச்சம் விட்ட கதை

மச்சம் என்று எங்கள் ஊரில் சொன்னால் அதற்குள் மீனும் வரும், இறைச்சியும் வரும். கருவாடும், சம்பலில் இடித்துப் போடுகிற மாசிக் கருவாடும்கூட அதிலேயே அடக்கம். சாய்ந்தமருதில் காலையில் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாட்டிறைச்சியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒருவரிடம், "மச்சத்தை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அந்த ஊரில்தான் என் மச்சான் கலந்தர் மச்சத்தை விட்டார். என் மூத்த சகோதரி சபியா ராத்தாவின் புருஷன் அவர். ஊராருடைய மாடுகளைப் பட்டியாகச் சேர்த்து மேற்கே வயல்வெளியில் மேய்த்து வந்தவர். அவர் மச்சத்தை விட்டது அவருடைய பாடு. ஆனால் அதை நான் ஒரு சொல்லில் பகிடி பண்ணினேன். அந்தச் சொல் அவர் மகளின் கலியாணத்தில் வந்து விடிந்தது.

நான் சரீப். பள்ளிவாசல் வீதியில் தையல் கடை வைத்திருந்தேன். தையல்காரனுக்குக் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. அதனால் வாய் தன் இஷ்டத்துக்கு மேயும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டிருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் அடித்த சூறாவளியை எங்கள் கரையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காற்று வந்த மாலை கலந்தர் மச்சான் பட்டியோடு வயல்வெளியில் நின்றார். நாற்பத்தொரு மாடுகள். அதில் ஒன்பதுதான் அவருடையவை. மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பசு அவரிடம் இருந்தது, சுட்டி என்று பெயர். அவர் சுட்டியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அது நீந்தி அவரை வாய்க்காலின் உயரமான மண்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டின்மேல் ஏறிய பிறகு ஒரு மருதமரம் முறிந்து சுட்டியின் பின்னங்கால்கள் மேல் விழுந்தது.

விடிந்து பார்த்தபோது மற்ற மாடுகள் வயிறு ஊதி வயலெல்லாம் கிடந்தன. கட்டின்மேல் வயற்காவல் குடும்பங்கள் மூன்று ஒதுங்கியிருந்தன. சுற்றிலும் வெள்ளம், யாரும் வரவில்லை. சாப்பிட ஒன்றும் இல்லை. இரண்டு நாளாகக் குழந்தைகள் அழுதார்கள், பிறகு அழக்கூட இல்லை. மூன்றாம் நாள் காலையில் சுட்டிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. தானாகச் செத்த மாடு எங்களுக்கு ஹராம். அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தால்தான் தின்னலாம். அதனால் கட்டின்மேல் இருந்தவர்கள் எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் அவரை அண்ணன் முறை வைத்து வாய் திறந்தாள்.

"காக்கா, உயிர் போகமுந்தி அறுங்க. போனா ஹராமாப் போகும். புள்ளையள் செத்திரும்."

கத்தி அவர் இடுப்பில் இருந்தது. தொழுகைத் திசையான கிப்லாவுக்கு முகம் திருப்பி, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார். ஈர விறகில் பாதி வேக வைத்து எல்லோரும் தின்றார்கள். அவரும் தின்றார். தின்று முடித்து கையைக் கழுவிவிட்டு அந்த மூன்று குடும்பத்துக்கும் முன்னால் நின்று, "வல்லாஹி, இனி நான் மச்சம் தின்னமாட்டன்" என்று சத்தியம் பண்ணினார்.

இதில்கூட மனிதருக்குச் சாமர்த்தியம் போதவில்லை. இறைச்சி என்று சொல்லியிருந்தால் மீனாவது மிஞ்சியிருக்கும். வாயில் வந்தது மச்சம். அல்லாஹ்வின் பெயரால் சொன்ன சொல்லை அவர் தனக்கு வசதியாக வெட்டித் தைக்கவில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே அளவு மாற்றித் தைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது பட்டினிக்கு அடுத்த வீட்டுக் கதை. மாடு இல்லை. மேய்க்கச் சொல்லித் தருவதற்கு ஊரிலும் மாடு இல்லை. மச்சான் வரம்பு கட்டவும் சூடு அடித்து நெல் பிரிக்கவும் கூலிக்குப் போனார். அந்த வேலைக்கு மதியச் சோற்றில் ஒரு மீன் துண்டு வேண்டும். வயற்காரர்கள் கொடுத்த சோற்றுப் பார்சலில் மீன் குழம்பு ஊறியிருக்கும். அவர் அதை அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுப்பார். ராத்தா வீட்டில் தனிச் சட்டி வைத்தாள். பருப்பு, முருங்கைக் கீரை, வாழைக்காய், கிடைத்த காலத்தில் பலாக்காய். தேங்காய்ச் சம்பலில்கூட மாசி போடாமல் அவருக்குத் தனியாக இடித்தாள். ஒருநாள் அகப்பை மாறிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் முற்றத்தில் உட்கார்ந்தார். ராத்தா அம்மியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு மாட்டுக்காக ஒரு குடும்பத்தையே கொல்றார்டா தம்பி. ஆளப் பாரு, நெஞ்செலும்ப எண்ணலாம். நாளைக்கி ஆள் விழுந்தா என்ட கமீலாக்கு யாரு?"

கமீலா அவர்களின் ஒரே மகள். வயது இருபத்துநாலு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். சூறாவளியில் கூரை போன வீட்டுக்குத் தகரம் போடவே மச்சானுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் பேசிவந்த இரண்டு இடங்கள் கை நழுவிவிட்டன. எண்பத்திரண்டில் மூன்றாவது இடம் வந்தது. அக்கரைப்பற்றில் நெல் யாவாரம் செய்யும் பக்கீர் முகைதீனின் மகன், அப்துல் ஸமட் என்று பெயர். நல்ல பொடியன், வீட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை. நாள் குறித்தாகிவிட்டது. இதுவும் போனால் கமீலாவுக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

இந்த நேரத்தில்தான் என் வாய் மேயப் போனது.

மச்சான் கல்முனைக்குப் போகும் நாட்களில் கனகரெத்தினத்தின் சைவக்கடையில் சாப்பிடுவார். நம்மவர்களின் கடைகளில் மரக்கறி கேட்டால் தருவார்கள், ஆனால் இறைச்சிக் கறியில் கிடந்த கரண்டியாலேயே பருப்பை அள்ளுவார்கள். கனகரெத்தினத்தின் கடையில் அந்தப் பயம் இல்லை. சுவரில் சாமிப் படங்கள், ஊதுபத்தி வாசம், அதற்குக் கீழே தொப்பியோடு உட்கார்ந்து என் மச்சான் இடியப்பமும் சொதியும் சாப்பிடுவதை நான் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். சிரிப்பு வந்தது. மறுநாள் என் கடையில் நாலு பேர் இருந்தார்கள். காற்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே சொன்னேன்.

"கேட்டீங்களா, எங்கட மச்சான் சைவத்துக்குப் போயிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சைவம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு வாசல். ஒன்று சமையலறைக்குப் போகும், மற்றது கோவிலுக்குப் போகும். சைவக்காரர் என்றால் சைவ சமயத்தவர். அதனால்தான் எங்கள் ஆட்கள் சாப்பாட்டைச் சொல்லும்போது மரக்கறி என்பார்கள், சைவம் என்று சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் சொன்னால் அதில் பகிடி ஏது.

என் கடையிலிருந்து சட்டைகள் போன இடமெல்லாம் அந்தச் சொல்லும் போனது. போன இடத்தில் சிரிப்பு கழன்று விழுந்துவிட்டது, சொல் மட்டும் மிஞ்சியது. கலந்தர் சைவத்துக்குப் போய்விட்டார். கலந்தர் சாமிப் படத்துக்குக் கீழே இருந்து சாப்பிடுகிறார். கண்டவர் இருக்கிறார். நாலு வருடமாக ஹஜ்ஜுப் பெருநாளில் பங்கிடும் குர்பான் இறைச்சியைக்கூடத் தொடவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. கலியாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பக்கீர் முகைதீன் என் கடை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, உங்கட மச்சான் சைவத்துக்குப் போயிட்டார் எண்டு கதைக்கிறாங்க. மெய்தானா?"

"அது நான் பகிடிக்குச் சொன்ன காக்கா. ஆள் மரக்கறி திங்கிறாரு, அவ்வளவுதான்."

"மரக்கறி திங்கிற ஆள மரக்கறி எண்டுதான் சொல்ற. நீங்க ஏன் சைவம் எண்டு சொன்னீங்க?"

நாலு பேரைச் சிரிக்கவைக்கத் தெரிந்த வாய்க்கு ஒரு ஆளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் கோபக்காரர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அதனால்தான் பயமாக இருந்தது. நிக்காஹ்வுக்குப் பெண்ணின் தகப்பன்தான் வலியாக, அதாவது பொறுப்பாளனாக, இருந்து மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும். வலி முஸ்லிமாக இருக்க வேண்டும். மார்க்கத்தை விட்ட மனிதன் வலியாக நின்றால் அந்த நிக்காஹ் நிக்காஹ் இல்லை.

"எனக்கு ஒரே மகன். நிக்காஹ் செல்லாமப் போனா நாளைக்கிப் பொறக்கிற புள்ளைக்கி என்ன பேரு தம்பி? நீங்களே சொல்லுங்க."

"மச்சான் அஞ்சு வக்தும் தொழுறவர் காக்கா. அல்லாஹ் ஒருவன் எண்டு கலிமா சொல்லச் சொல்லுங்க, ஊர் முன்னுக்குச் சொல்லுவாரு."

"கலிமாவ வாய் சொல்லும். உங்கட வாயும் எத்தினையோ சொன்னதுதானே. அவர் என்னோட ஒரே சஹன்ல இரிந்து இறைச்சி திங்கணும். நான் கண்ணால பாக்கணும். முதல்ல சஹன், மறுகா நிக்காஹ்."

சஹன் என்பது எங்கள் விருந்துத் தட்டு. பெரிய வட்டத்தட்டில் சோறும் கறியும் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவோம். சம்பந்திகள் ஒரு சஹனில் இருப்பது வழக்கம்தான். அதில் யாரும் குறை காணமுடியாது. அவர் என் மச்சானிடம் கேட்டது ஊரில் எல்லோரும் சந்தோஷமாகச் செய்கிற ஒன்றை.

நான் ஓடாத ஓட்டம் இல்லை. முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரிகாரியாரிடம் போய், மச்சானுக்கு வாதம், மச்சம் ஆகாது என்று எழுதி வாங்கினேன். அதைக் கொண்டு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். பக்கீர் முகைதீன் அந்தக் கடிதத் துண்டைப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தார். "வருத்தக்காரன்ட குடும்பத்திலயா பொண்ணெடுக்கிற? நேத்து இது நீங்க சொல்லல்லியே தம்பி" என்றார். சும்மா இருந்த கதையில் நான் நோயையும் சேர்த்துவிட்டு வந்தேன். பட்ட காலிலேயே படும் என்பார்கள், என் விசயத்தில் பட்டது என் கால் இல்லை.

பிறகு மௌலவியிடம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மௌலவி நல்ல மனிதர். முழுவதையும் கேட்டார். வெள்ளத்தையும் சுட்டியையும் நான்தான் சொன்னேன், மச்சான் பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஹலாலான ஒண்டத் தனக்கு ஹராமாக்கிற சத்தியம் நல்லதில்ல கலந்தர்" என்றார் மௌலவி. "அத முறிக்கலாம். பத்து ஏழைக்கிச் சாப்பாடு குடுங்க. ஏலாட்டி மூணு நோன்பு புடிங்க. அல்லாஹ் மன்னிக்கிறவன்."

"அல்லாஹ் மன்னிப்பான் ஹஸரத். அது எனக்குத் தெரியும்" என்றார் மச்சான். சலாம் சொல்லிவிட்டு எழுந்தார். திரும்பி வரும் வழியில் எனக்கு முன்னால் நடந்தார். எனக்குக் கோபம் வந்தது. சத்தியத்துக்கும் வழி கிடைத்துவிட்டது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது, இனி என்னதான் தடை? செத்துப்போன ஒரு மாட்டுக்காகப் பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுக்காமல் குமராகவே வைத்திருக்கப் போகிறாரா? நடுவீதியில் இதைக் கேட்டும்விட்டேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "நீ பேசு சரீபு. நல்லாப் பேசு" என்றார்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ராத்தா வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். பின்வளவில் மச்சான் சமையலுக்கு விறகு கொத்திக்கொண்டிருந்தார். எண்ணெய் இல்லாத உடம்பு, ஒவ்வொரு கொத்துக்கும் இரண்டு மூச்சு வாங்கினார். உள்ளே கமீலா என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"மாமா, வாப்பாட தொண்டைக்குள்ள எறச்சியத் திணிச்சி எனக்கொரு மாப்பிள்ள வேணாம். நான் இப்பிடியே இரிக்கிறன். நீங்க போய் அவங்கக்கிட்டச் சொல்லுங்க."

"வாய மூடு புள்ள" என்று ராத்தா அடுப்படியிலிருந்து சொன்னாள். ஆனால் அந்தக் குரலில் பலம் இல்லை.

"உம்மா, நாலு வருசமா வாப்பா ஒண்டயும் ஆசப்பட்டுக் கேக்கல்ல. இத மட்டும்தான் வச்சிரிக்காரு. அத ஏன் புடுங்குறீங்க?"

பின்வளவில் கோடரிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மச்சான் உள்ளே வந்தார். கையில் விறகுத் தூசி. மகளைப் பார்க்கவில்லை, ராத்தாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"சஹன்ல நான் இரிப்பன் எண்டு பக்கீர் காக்காக்கிட்டச் சொல்லு. சரீபு, நீ எனக்குப் பக்கத்தில இரி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவனின் கைக்கு எட்டும். அவர் முன்னால் விழுகிற இறைச்சியை நான் நைசாக என் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அவர் சோற்றை மட்டும் வாயில் போடுவார், பார்ப்பவர்களுக்குச் சாப்பிட்டதாகவே தெரியும். நாலு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். "ஓம் மச்சான், நான் இரிக்கிறன்" என்றேன். செய்த வினைக்கு ஒரு கழுவாய் கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

கலியாணத்தன்று காலையிலேயே சமையல்காரர் அபூசாலியைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் சஹனில் ஒரு மூலையில் இறைச்சிக் குழம்பு படாமல் வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அகப்பையைத் தூக்கிக் காட்டினார். "வட்டச் சஹனில மூல எங்க தம்பி இரிக்கி? எனக்கு நூறு சஹன் போகணும்" என்றார். அவரிடம் மேலே பேச முடியவில்லை.

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பந்தலில் பாய் விரித்து வெள்ளைத் துணி போட்டிருந்தது. எங்கள் சஹனில் பக்கீர் முகைதீன், அவருடைய தம்பி, மௌலவி, பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவர், நான், மச்சான். மச்சான் எனக்கு வலப்பக்கம், பக்கீர் முகைதீன் அவருக்கு நேர் எதிரே. தண்ணீர் ஊற்றும் கெண்டியும் அதை ஏந்தும் தாளமும் வந்தன, கை கழுவினோம். சஹன் வந்து இறங்கியது. நெய்ச்சோறு, அதன் மேல் மாட்டிறைச்சி, ஒரு பக்கம் கோழி, கத்தரிக்காய், அச்சாறு. வாசம் வந்து மூக்கில் ஏறியது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு வாயூறியது. மச்சானைப் பார்த்தேன். அவர் சஹனைப் பார்க்காமல் பந்தலின் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைவைத்தோம். முதல் இரண்டு துண்டுகளை நான் எடுத்துவிட்டேன். மச்சான் சோற்றைப் பிசைந்து சின்னச் சின்னதாக வாயில் வைத்தார். குழம்பு பட்ட சோறுதான். அதை எப்படி விழுங்கினார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது துண்டையும் எடுத்துவிட்டேன். மரைக்கார் என்னைப் பார்த்து, "சரீபுக்கு இண்டைக்கி நல்ல பசி போல" என்றார். சிரித்தார்கள். ஊரையே சிரிக்கவைத்தவனுக்கு அந்தச் சிரிப்பு முகத்தில் அடித்தது போல இருந்தது.

அப்போது பக்கீர் முகைதீன் குழம்புக்குள் விரல் விட்டுத் தேடி ஒரு ஈரல் துண்டை எடுத்தார். நல்ல பெரிய துண்டு. சம்பந்திக்குக் கொடுக்கும் மரியாதை அது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். மச்சானின் பக்கம் வைக்கக் கையை நீட்டினார். துண்டு வழுக்கி மச்சான் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் நடுவில் விழுந்தது.

"திண்டு பாருங்க சம்பந்தி" என்றார்.

துண்டு என் விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. என் பக்கம் விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். பசிக்காரன் என்று சிரிப்பார்கள், அவ்வளவுதான். பக்கீர் முகைதீன் முகம் சுளிப்பார், இன்னொரு துண்டு தேடுவார், அதையும் நான் எடுக்கலாம். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய முழங்கால் என் முழங்காலில் இடித்தது, ஒருமுறை மட்டும். மௌலவி பார்த்துக்கொண்டிருந்தார், மரைக்கார் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்துச் சஹன்களில் இருந்தவர்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆக்கப் பொறுத்த ஊர் ஆறப் பொறுக்கவில்லை. என் கை அசையவில்லை. வெட்கம். என்னை இன்னும் ஒருமுறை பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்ற வெட்கம். அவ்வளவு சின்னக் காரணம்தான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசையாக இருக்கிறது.

மச்சான் அந்தத் துண்டை எடுத்தார். வாயில் வைத்தார். மென்றார். அவசரப்படவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கினார். பிறகு தானாகவே கையை நீட்டி இன்னொரு துண்டு எடுத்தார், அதையும் தின்றார். அதற்குப் பிறகு இன்னொன்று.

பக்கீர் முகைதீனின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்துச் சஹன்காரர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சைவம் எண்டாங்க, பாத்துக்கங்க எப்பிடித் திங்கிறார் எண்டு. நாக்கில நரம்பில்லாதவனுகள் ஊருக்குள்ள இரிக்கானுகள்."

எல்லோரும் சிரித்தார்கள். மௌலவி மட்டும் சிரிக்கவில்லை. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது, வாழைப்பழம் வந்தது. மச்சான் எல்லாவற்றையும் சாப்பிட்டார், அல்ஹம்துலில்லாஹ் சொன்னார், எழுந்தார்.

அவர் கிணற்றடிக்குப் போவதைக் கண்டு பின்னாலேயே போனேன். வாந்தி எடுப்பார் என்று நினைத்தேன். சத்தம் கேட்டால் காரியம் கெட்டுவிடும், பந்தலில் ஆட்கள் இருக்கிறார்கள், வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாவது சத்தத்தை மறைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் வாந்தி எடுக்கவில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வலக்கையில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியிருக்க வேண்டும், விரல்கள் வெளிறிப் போயிருந்தன. நான் கிட்டப் போய், "மச்சான், என்ன மன்னிச்சிருங்க" என்றேன். "நான் எடுத்திரிக்கணும். கை வரல்ல."

"உன்ட கைய விடு" என்றார். குரல் உடைந்திருந்தது. "ருசியா இரிந்திச்சி சரீபு."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கி வாய்க்கால் கட்டில திண்டனே, அதுவும் ருசியாத்தான் இரிந்திச்சி. உப்பில்ல, ஒண்டுமில்ல, பாதி பச்சை. என்னக் கழுத்தில தூக்கிக்கிட்டு வந்த மாடு. இன்னும் கொஞ்சம் தாங்க எண்டு நான்தான் கேட்டன். புள்ளையளுக்கு வச்சிரிந்த பங்கில கேட்டன். அந்தப் பொம்புள என்னப் பாத்தாளே, அந்தப் பார்வைக்கித்தான் சத்தியம் பண்ணின. அறுத்ததுக்கில்ல. அறுத்தது ஹலால்." முகத்தைத் துடைத்தார், ஈரக் கையால் துடைத்ததில் இன்னும் நனைந்தது. "நாலு வருசம் இந்த நாக்கக் கட்டிப்போட்டன். செத்திரிக்கும் எண்டு நினைச்சன். சாகல்ல. இண்டைக்கி முதல் துண்டுதான் சம்பந்திக்காகத் திண்ட. மத்தது ரெண்டும் யாருக்காக?"

நாலு வருடமாக இந்த மனிதரை மாட்டுக்கு அழுகிற பைத்தியம் என்று நினைத்திருந்தேன். பத்து ஏழைக்குச் சோறு கொடுத்தால் சத்தியத்துக்கு விடுதலை உண்டு. இதற்கு எத்தனை பேருக்குச் சோறு கொடுப்பது என்று எந்த மார்க்கக் கிதாபிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய தோளைப் பிடித்தேன். எலும்புதான் கையில் பட்டது. அவர் என் கையைத் தட்டிவிடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை.

பந்தலுக்குள் பாயைத் தட்டி விரித்து மாப்பிள்ளையை உட்காரவைத்துவிட்டார்கள். பதிவுப் புத்தகம் வந்துவிட்டது. கமீலா உள்ளறையில் இருந்தாள். அவளுக்கு யாரும் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆனால் சிரிப்புச் சத்தம் உள்ளே கேட்டிருக்கும்.

"வலி எங்க?" என்று பக்கீர் முகைதீன் பந்தலுக்குள்ளிருந்து சந்தோஷமாகக் கூப்பிட்டார். "வலியக் கூட்டிட்டு வாங்க, நேரமாகுது."

மச்சான் வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் அள்ளி வாயைக் கொப்பளித்தார். தொப்பியைச் சரி செய்தார்.

"இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.